கேனிஸ்டரில் 20 மில்லி

இரவுப் பணி முடித்துச் சென்ற செவிலியர் காலையில் என்னிடம் ஒப்படைத்த குறிப்பில், வேக் டிரெஸ்ஸிங் (புண்ணைக் காற்றுப் புகாமல் மூடி, பம்பால் உறிஞ்சி, கசியும் நீரைக் கேனிஸ்டர் என்னும் குடுவையில் சேர்க்கும் கட்டு) போட்டு மூன்றாம் நாளில் இருந்த பெரியவர் ஒருவரின் படுக்கை எண்ணுக்கு நேரே "கசிவு 20 மி.லி., அழுத்தம் 125, அலாரம் இல்லை" என்று எழுதியிருந்தது. முதல் நாள் கணக்கு 220, இரண்டாம் நாள் 150. மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சார்ட்டில் என் கையாலேயே "கசிவு நன்கு குறைந்துள்ளது" என்று எழுதினேன். ரவுண்ட்ஸ் வந்த அறுவை சிகிச்சை மருத்துவரிடமும் அதையே சொன்னேன். அவர் பம்பின் திரையை ஒரு முறை பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். அன்று மாலை நான்கு மணிக்கு அந்த வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, வேறொன்று எழுத வேண்டியதாயிற்று. கோடு போட்டாலும் அடியில் இருக்கும் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது சார்ட்டின் விதி. அந்த விதியினாலோ என்னவோ, ஆண்டுகள் பல ஆகியும் அந்த வரி என் மனத்தில் படிக்கும்படியாகவே இருக்கிறது.

பெரியவருக்குக் கெண்டைக்காலில் பரவிய தொற்றுக்காக அழுகிய சதையை வெட்டியெடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறந்த புண். எந்த நிறுவனத்தின் கருவி வந்தாலும் வார்டில் எங்களுக்கு அது "வேக்" தான். அந்தக் கருப்பு ஃபோமை, அதாவது நுண்துளைப் பஞ்சை, வெட்டிப் புண்ணுக்குள் பொருத்தி, மேலே ஒட்டுப்படலம் இழுத்து, துளையிட்டு டியூப் வைத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் பிழையில் பெரும்பங்கு அந்தத் துளைக்கு உண்டு.

ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "கால் இன்னைக்கு ஒரு மாதிரி கனமா இருக்கு சிஸ்டர். நேத்து வரைக்கும் உள்ள இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப அந்த இழுப்பே தெரியல." நான் பம்பைப் பார்த்தேன். 125. டியூபைப் பார்த்தேன். மடிப்பு எதுவும் இல்லை. "கசிவு குறைஞ்சிருச்சு ஐயா, அதான் அப்படித் தெரியுது," என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதிலில் ஒரு காரணகாரியத் தொடர்பும் கிடையாது என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. கசிவு குறைந்தால் இழுப்பு ஏன் குறைய வேண்டும்? ஆனால் அந்த நேரத்தில் திரையில் இருந்த எண்ணும் என் வாயிலிருந்து வந்த விளக்கமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. அவருடைய காலுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

நான்கு மணிக்குப் பார்த்தது

மாலையில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனபோது குதிகாலுக்கு அடியில் விரிப்பு ஈரமாக இருந்தது. கையளவு வட்டம், ஓரத்தில் மஞ்சள். ஒட்டுப்படலத்தின் கீழ் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்குத் தோலை விட்டுப் பிரிந்து, உள்ளே நீர்க்குமிழி போல் உப்பியிருந்தது. ஃபோமின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். வேலை செய்யும் வேக்கின் ஃபோம் சுருங்கி இறுகிக் கட்டை போல் இருக்கும்; விரல் உள்ளே போகாது. இது அமுங்கியது. அமுங்கியதோடு, விரலுக்கு அடியில் நீர் விலகி ஓடி, விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. பம்பு அப்போதும் 125 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கவில்லை. வழக்கமாகக் கேட்கும் சிறு உறுமல்கூட இல்லாமல், அன்று அது மற்ற எல்லா நாட்களையும்விட அமைதியாக இருந்தது.

பம்பை நிறுத்தி, மருத்துவரை அழைத்துவிட்டு, டிரெஸ்ஸிங்கைப் பிரித்தோம். ஃபோம் புண்ணில் ஒட்டாமல் கலங்கிய நீரில் மிதந்தது. புண்ணைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் ஊறி வெளுத்து, வெகுநேரம் துணி துவைத்த கை போலத் திரைத்திருந்தது. கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மேல்தோல் படலத்தோடு சேர்ந்து உரிந்து வந்தது. நாற்றம் இருந்தது. டியூப் பொருத்திய இடத்தைத் திருப்பிப் பார்த்தபோது, நான் படலத்தில் இட்ட துளையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெளிர்மஞ்சள் நாரும் இரத்தக் கட்டியும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. துளை என்று சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக வெட்டி எடுக்க வேண்டிய இடத்தில், கத்தரியால் ஒரு கீறல் போட்டு அதன்மேல் டியூபின் தட்டை ஒட்டியிருந்தேன். கீறல் முதல் இரண்டு நாள் திறந்தே இருந்திருக்கிறது. ஃபோம் சுருங்கச் சுருங்க அதன் இரு விளிம்புகளும் நெருங்கி வந்திருக்கின்றன. முந்தைய இரவு ஒரு சிறு கட்டி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சல் நின்றிருந்தால் டிரெஸ்ஸிங்கை எடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த வழிமுறை. காற்றும் நீரும் போகாத மூடிய அறைக்குள் ஃபோமை விட்டுவைத்தால் அது கிருமிகளுக்கு வளர்ப்புப் பாத்திரம் ஆகிவிடும் என்பதே காரணம். எங்கள் கணக்கில் உறிஞ்சல் நின்று குறைந்தது 14 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் கருவியின் நினைவகத்தில் அந்த நாள் முழுவதும் 24 மணி நேரச் சிகிச்சை என்று பதிவாகியிருந்தது. கருவி தன்வரையில் பொய் சொல்லவில்லை. அது ஓடத்தான் செய்தது.

திரையில் இருக்கும் எண் யாருடையது

அதற்குப் பிறகு பல நாள் நான் அந்த 125-ஐப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். 1997-இல், வேக் முறையை உருவாக்கிய லூயிஸ் ஆர்ஜென்டாவும் மைக்கேல் மோரிக்வாஸும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பரவிய எண் அது. பன்றிகளின் காயங்களில் 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சியபோது இரத்த ஓட்டம் நான்கு மடங்கு வரை உயர்ந்தது, அழுத்தத்தை 400-க்குக் கொண்டுபோனபோது ஓட்டம் தடைப்பட்டது என்பது அவர்கள் கண்டது. கவனிக்க வேண்டியது, அங்கே பேசப்படும் 125 காயத்தில் இருக்கும் 125. நாங்கள் சார்ட்டில் மணிக்கொரு முறை எழுதுவது பம்பில் இருக்கும் 125. இரண்டுக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் டியூப், ஒரு கேனிஸ்டர், ஒரு வடிகட்டி, ஒரு துளை, பிறகு ஃபோமின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று அடைபட்டால் பம்பு தன் பக்கத்து வெற்றிடத்தைச் சுகமாகக் காத்துக்கொண்டிருக்கும். இன்னும் சொல்லப்போனால் அடைப்பு அதன் வேலையை எளிதாக்கிவிடுகிறது. காயத்தின் பக்கம் படலம் பிரிந்து காற்று நுழைந்தாலும் அது பம்புவரை எட்டாது, ஆகவே காற்றுக் கசிவு அலாரமும் அடிக்காது. சில கருவிகளில் நீர் வரும் குழலைத் தவிர, காயத்தின் அருகிலேயே அழுத்தத்தை அளக்கத் தனிக் குழல்கள் டியூபுக்குள் ஓடுகின்றன. அவை இப்படிப்பட்ட அடைப்பைப் பெரும்பாலும் கண்டுபிடித்துக் கத்திவிடும். அன்று எங்களிடம் இருந்தது பம்பின் முனையில் மட்டும் அளக்கும் எளிய வகை. எந்த வகைக் கருவி தன் எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

அடைப்பு இல்லாதபோதும் இந்த இரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியவரின் பம்பைச் சலைன் ஸ்டாண்டில், நான் நின்றபடி திரையைப் படிக்க வசதியாக, என் தோள் உயரத்தில் மாட்டியிருந்தேன். கால் படுக்கையில் கிடந்தது. இடையே ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். 1 மி.மீ. பாதரசம் என்பது 1.36 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். டியூப் முழுவதும் இடைவெளியின்றி நீர் நிரம்பி நின்றால், அந்த 60 சென்டிமீட்டர் நீரைத் தூக்கிப் பிடிக்கவே ஏறத்தாழ 44 மி.மீ. செலவாகிவிடும். பம்பில் 125 இருக்கும்போது புண்ணுக்குப் போய்ச் சேர்வது 81 தான். பம்பைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே கட்டிலின் சட்டத்தில் மாட்டியிருந்தால் இந்த இழப்பு இருந்திருக்காது. நான் வளைந்து படிக்க வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, முதலில் நம்ப மறுத்த, ஒரு விஷயம் வருகிறது. நீர் நகர வேண்டுமென்றால் கொஞ்சம் காற்றும் நகர வேண்டும். ஒரே ஒரு துளை போட்ட டின்னைக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால் சீராக ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். டியூபிலும் ஏறத்தாழ அதே கதைதான். சிறிதளவு காற்று உள்ளே வந்துகொண்டிருந்தால் நீர்த்தம்பம் துண்டு துண்டாக உடையும். துண்டுகளுக்கு இடையில் குமிழிகள் ஓடும். குமிழிகள் நீரைத் தள்ளிக்கொண்டு போகும். தூக்க வேண்டிய எடையும் குறையும். சில கருவிகளில் இதற்கென்றே டியூபின் காயப்பக்க முனையில் வடிகட்டியோடு கூடிய மிகச் சிறிய காற்றுவழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். நானோ, படலத்தின் மேல் படலம் ஒட்டி, விளிம்புகளில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சீறல் கேட்கிறதா என்று சோதித்து, ஒரு நூலிழைக் காற்றுகூட நுழையாமல் அடைப்பதையே திறமை என்று எண்ணிப் பெருமைப்பட்டவள். காற்றுக் கசிவை நாமாக விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடில்லாத கசிவு புண்ணை உலர்த்தும், பம்பைத் திணறடிக்கும், ராத்திரி முழுவதும் அலாரம் அடிக்கும். ஆனால் டியூபில் குமிழியே இல்லாமல் நீர் அசையாமல் நிற்பதைப் பார்த்து "நல்ல சீல்" என்று பாராட்டிவிட்டுப் போகும் பழக்கம் அன்றோடு என்னைவிட்டுப் போய்விட்டது.

ஈரமும் ஊறலும்

புண் ஈரமாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சிக் காலத்திலிருந்தே சொல்லிவந்திருக்கிறார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களைப் படலத்தால் மூடி, திறந்து காயவிட்டவற்றைவிட அவை ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் மேல்தோல் மூடுவதைக் காட்டியதிலிருந்து தொடங்கும் பாடம் அது. சரியான பாடம்தான். ஆனால் ஈரம் புண்ணுக்குத்தான் வேண்டும், சுற்றியுள்ள தோலுக்கு வேண்டாம் என்ற இரண்டாம் பாதியைப் பல வேளை அழுத்திச் சொல்வதில்லை. புண்ணின் நீர் வெறும் நீராக இருந்தாலே தோலை ஊறவைத்துவிடும். ஆறாமல் நாள்பட்ட புண்ணின் நீரில் சதையைக் கரைக்கும் நொதிகளும் மிகுதியாக இருக்கின்றன. கருப்பு ஃபோமை நல்ல தோலின் மேல் கிடக்கும்படி பெரிதாக வெட்டினால், அது உறிஞ்சிக் கொண்டுவரும் நீர் தோலின் மேல்தான் தங்கும். புண்ணின் விளிம்பைவிட ஒரு நூல் உள்ளடக்கி ஃபோமை வெட்டுவதும், விளிம்பைச் சுற்றி ஒட்டுப்படலத்தையோ ஹைட்ரோகொலாய்டு என்னும் ஜெல் ஒட்டுக்கட்டையோ பட்டைகளாக வெட்டிச் சட்டம் போல் ஒட்டுவதும், தோலுக்குக் காப்புத் திரவம் பூசி அது காயும்வரை பொறுத்திருப்பதும் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு ஊறிய தோலை ஆற்றுவதற்கு ஒரு வாரம் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் படலம் ஒட்ட நல்ல தோல் இல்லாததால் வேக்கை மீண்டும் போடவே முடியாமல், சாதாரணக் கட்டோடு ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றிக்கொண்டிருந்தோம்.

கேனிஸ்டர் இல்லாத சிறு கருவிகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், நோயாளி நடமாடலாம், அழுத்தம் 80 அளவில் இருக்கும். ஒரு வகைக் கட்டை ஏழு நாள் வரை வைத்திருக்கலாம். வரும் நீரின் பெரும்பகுதி மேல்படலத்தின் வழியே ஆவியாகிவிடும், மிச்சத்தைக் கட்டுக்குள் இருக்கும் உறிஞ்சுபொருள் பிடித்துக்கொள்ளும். தையல் போட்ட கீறலுக்கும் கசிவு குறைந்த புண்ணுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் நாளுக்கு 150 மில்லி வரும் புண்ணுக்கு அதைப் போட்டால் ஆவியாவது வருவதைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதைப் "புதிய மாடல்" என்று எண்ணிப் பெரிய கருவிக்குப் பதிலாகக் கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதற்கு அதுதான் காரணம். அங்கே கேனிஸ்டர்கூட இல்லை. ஏமாற்றுவதற்கு ஓர் எண்ணும் இல்லை. கட்டின் மேல் கறை விளிம்பை நோக்கி எவ்வளவு பரவியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வகையில் அது நேர்மையான கருவி.

கூடினாலும் கவலை

குறைந்த எண்ணைப் பற்றியே பேசிவிட்டதால், கூடிய எண் நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேனிஸ்டரில் சேர்வது உடம்பிலிருந்து போனது. வயிற்றைத் திறந்துவைத்துச் சிகிச்சை செய்யும் நோயாளிகளிடம் ஒரு நாளில் லிட்டர் கணக்கில் வரும். அப்படி இழக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 15 முதல் 30 கிராம் புரதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று தீவிர சிகிச்சை ஊட்டச்சத்து வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. இருந்தும், சிறுநீரையும் டிரெயின் எனும் வடிகுழாயில் வருவதையும் கணக்கெடுத்துவிட்டுக் கேனிஸ்டரை மறந்த சார்ட்டுகளை இப்போதும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நிறமும் அளவைப் போலவே முக்கியம். வைக்கோல் நிறமோ வெளிர் சிவப்போ பரவாயில்லை. கருஞ்சிவப்பு நீர் டியூபில் வேகமாக ஓட ஆரம்பித்தால், அல்லது கேனிஸ்டர் கண்ணெதிரே நிறைய ஆரம்பித்தால், முதல் வேலை பம்பை நிறுத்துவது. 2009-இலும் 2011-இலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சையில் நேர்ந்த இறப்புகளையும் காயங்களையும் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது, அவற்றில் மிகக் கடுமையானதாகச் சுட்டிக்காட்டியது இரத்தப்போக்கைத்தான். இரத்தம் உறையாமல் மருந்து எடுத்துக்கொள்பவருக்கு வேக் போட்டால் முதல் இரவு முழுவதும் நான் கேனிஸ்டருக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

ஒப்படைப்புத் தாளில் நாங்கள் செய்த மாற்றம் சிறியது. மில்லி லிட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டோம்: "ஃபோம் – இறுக்கம் / தளர்வு". அதை நிரப்ப வேண்டுமானால் போர்வையை விலக்கி, கையுறை போட்டு, விரலால் அழுத்தித்தான் ஆக வேண்டும். கால்மாட்டில் நின்று எழுத முடியாது. முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இளையவள் ஒருத்தி, "திரையிலதான் வருதே அக்கா," என்றாள். அவளைக் கூட்டிப்போய் ஒரு வேக்கின் டியூபைக் காயத்துக்குப் பக்கத்தில் கவ்வியால் அரை நிமிடம் அடைத்துக் காட்டினேன். பம்பு 125-இலேயே நின்றது. அவள் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் கசிவு பாதிக்கு மேல் குறைந்திருந்தால் அதைக் குணமாக எழுதும் முன், டியூபை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து நீர் அசைகிறதா என்று சோதிக்கும் வழக்கமும் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டது.

பெரியவருக்கு ஆறு நாள் கழித்து மறுபடியும் வேக் போட்டோம். இந்த முறை துளையை வட்டமாக வெட்டினேன், பம்பைக் கட்டில் சட்டத்தில் மாட்டினேன். இரண்டு வாரத்தில் புண் முழுவதும் சிவந்த புதுச்சதை வந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோலுக்கு அடியில் நீர் தங்கினால் அது சதையைவிட்டு எழும்பி, பிடிக்காமல் போய்விடும். அதனால் தோலைப் படியவைத்துப் பிடிப்பதற்காக மேலேயும் ஐந்து நாளுக்கு வேக்கையே வைத்தார்கள். அந்த ஐந்து நாளும் கேனிஸ்டரில் சேர்ந்தது மொத்தமே 30 மில்லி. இந்த முறை அந்தக் குறைந்த எண் உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனாலும் ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் போய் போர்வையை விலக்கினேன். மூன்றாம் நாள் காலை நான் கையுறையை எடுக்கும்போதே அவர் சொன்னார்: "கட்டை மாதிரிதான் இருக்கு சிஸ்டர். நான் இப்பத்தான் தொட்டுப் பார்த்தேன்." டிரெஸ்ஸிங்கை எதற்குத் தொட்டீர்கள் என்று அவரைக் கடிந்துகொண்டுவிட்டு, நானும் அழுத்திப் பார்த்தேன்.